முதலில் புரொப்பெல்லர், அப்புறம் தண்ணீர், கடைசியில் ஹார்ஸ்பவர்

லாரி டீசல் இன்ஜினை வேகப்படகில் ஏற்றுவதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுலேர்ந்து எவ்வளவு ஹார்ஸ்பவர் எடுக்கலாம்?" எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி) போட்டு, டீசல் பம்பைத் திறந்துவிட்டால் இன்ஜின் கேட்டதைக் கொடுக்கும். எத்தனை நிமிஷம் கொடுக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. லாரி இன்ஜின்களைப் பிரித்துக் கோத்தே வயிறு வளர்த்தவன் நான். படகுப் பக்கம் வந்தது ஆசையால். இரண்டிலும் கைவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரே இன்ஜின்தான், ஆனால் தண்ணீரில் அது பிழைக்க வேண்டிய பிழைப்பு வேறு.

லாரி ஓடும்போது கவனித்துப் பாருங்கள். கிளம்பும்போது முக்கும், மேட்டில் முக்கும். சமதளத்துக்கு வந்துவிட்டால் அதன் முழு சக்தியில் பாதிகூடத் தேவைப்படாது. இறக்கத்தில் டீசலே போகாது, வண்டிதான் இன்ஜினைச் சுற்றும். கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளும். படகுக்கு இறக்கம் கிடையாது, நியூட்ரலில் உருளுவது கிடையாது. திராட்டிலைக் குறைத்த மறுகணமே தண்ணீர் இழுத்துப் பிடித்துவிடும். வேகமாகப் போக வேண்டும் என்றால் போகிற நேரமெல்லாம் இன்ஜின் மேடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். லாரியில் பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடும் இன்ஜின் படகில் ஒரே சீசனில் பிஸ்டன் கரைந்து வெளியே வருகிறது என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். புரொப்பெல்லர் கேட்கும் சக்தி, அது சுற்றும் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறக்குறைய ஒத்துப்போகும். 3,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 3,000 சுற்றில், முழு சக்தியும் செலவானால், 2,700-இல் அதில் 73 சதவீதம்தான் செலவாகும். 2,400-இல் 51 சதவீதம். அதாவது 300 ஆர்பிஎம் குறைத்தாலே இன்ஜினின் சுமையில் கால்வாசிக்கு மேல் இறங்கிவிடும். வேகமெடுத்ததும் தண்ணீருக்கு மேலே ஏறி வழுக்கிப் போகும் பிளேனிங் படகில் இந்த மும்மடி அப்படியே வராது, கொஞ்சம் கீழே நிற்கும். ஆனாலும் போக்கு இதுதான். படகு இன்ஜின் கம்பெனிகள் தங்கள் உல்லாசப்படகு இன்ஜின்களுக்கு, எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்தான் முழு திராட்டில், மற்ற நேரமெல்லாம் 200 ஆர்பிஎம்மாவது குறைத்து ஓட்டு என்று எழுதி வைப்பது இதனால்தான். அந்த வரியைப் படிக்காமலேயே பட்டியலில் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சரி, எந்த இன்ஜின்? என்னைக் கேட்டால் கம்மின்ஸ் 6பிடி. 5.9 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது கியர், அறுந்துபோக பெல்ட் இல்லை. பன்னிரண்டு வால்வு மாடலில் மெக்கானிக்கல் பம்பு. ஸ்டார்ட் ஆகி ஓட ஆரம்பித்துவிட்டால் டீசலைத் திறந்து மூடும் வால்வைத் தவிர வேறெதற்கும் கரண்டு வேண்டாம். 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் இது வந்தபோது 160 ஹார்ஸ்பவர். அதே 5.9 லிட்டரில் ஆஃப்டர்கூலரோடு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது) கம்பெனியே படகுக்கென்று செய்து கொடுத்தது 370 வரை போனது. இதைக் கேட்டதும் சிலருக்குக் கண்ணில் மின்னல் அடிக்கும். பிளாக் ஒன்றாக இருக்கலாம். பிஸ்டன் வேறு, இன்ஜெக்டர் வேறு, டர்போ வேறு, கூலர்கள் எல்லாமே வேறு. பிக்கப்பிலிருந்து இறக்கிய இன்ஜினின் டீசல் பம்பில் ஸ்குரூவைத் திருகி 370-க்குக் கொண்டுபோனால் அது 370 கொடுக்கும்தான். அந்த வெப்பத்தைத் தாங்க பிஸ்டனை யாரும் தயார்ப்படுத்தவில்லை. பழைய லாரி இன்ஜினில் 250, 280 போதும் என்று நிறுத்திக்கொள்பவர்களுக்குத்தான் நான் வேலை செய்து கொடுக்கிறேன்.

இந்த இன்ஜினைக் கையில் எடுத்ததும் நான் முதலில் செய்வது, முன்பக்க கியர் கவரைக் கழற்றுவது. டைமிங் கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோடு சரியாகப் பொருத்த ஒரு சின்ன எஃகு டவல் பின் அடித்திருப்பார்கள். பக்கத்திலேயே கேம் கியர். இன்ஜினின் அதிர்வில் அந்தப் பின் வருஷக்கணக்கில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே நகரும். ஒருநாள் விழும். நல்லநேரம் இருந்தால் இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்குள், அதாவது சம்புக்குள், போய்க் கிடக்கும். இல்லையென்றால் கியர் பல்லுக்கு நடுவில் மாட்டி ஹவுசிங்கையே உடைக்கும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும்: சில இன்ஜின்களில் பின் முகப்போடு சமமாக இருக்கும், சிலவற்றில் நகம் மாட்டும் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். வைத்தியம் ரொம்பச் சுலபம். பின்னை உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, அதன் நாக்கு பின்னின் தலையை மறைக்கும்படி இறுக்கிவிட வேண்டியதுதான். ரோட்டில் இது நடந்தால் இழுத்து வர இன்னொரு வண்டி இருக்கிறது. கரையிலிருந்து பத்து கடல் மைல் தள்ளி நடந்தால் என்ன செய்வது? அதனால் இந்த இன்ஜினில் இது பேரம் பேச இடமில்லாத வேலை.

நிலத்து இன்ஜினைத் தண்ணீரில் இறக்குவது ஒன்றும் புதுசு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்த 6-71 என்ற டூ-ஸ்ட்ரோக் டீசல் பஸ்ஸிலும் லாரியிலும் ஓடியது. ஷெர்மன் டாங்கி ஒரு ரகத்தில் இரண்டை ஜோடி சேர்த்து வைத்தார்கள். அதையே கிரே மெரைன் கம்பெனி படகுக்கு மாற்றிக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் வீரர்களை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகளில் இருந்தது அந்த 225 ஹார்ஸ்பவர் இன்ஜின்தான். (அந்த 6-71-இன் காற்று புளோயரைப் பிற்காலத்தில் டிராக் ரேஸ்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வி8-களின் தலையில் உட்கார வைத்தது தனிக்கதை.) மறுகோடியில் இத்தாலிக்காரர் ஃபாபியோ புஸ்ஸி. 2018-இல் கோமோ ஏரியில் டீசல் படகில் மணிக்கு 277.5 கிலோமீட்டர் ஓட்டினார். அதில் இருந்தது எஃப்பிடி கம்பெனியின் கர்சர் 16, அறுவடை இயந்திரங்களில் உழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் இன்ஜின், 1,700 ஹார்ஸ்பவருக்கு ஏற்றப்பட்டது. அது சாதனைக்காக ஒரே ஒரு ஓட்டம். அந்த எண்ணைக் காட்டி "நமக்கும் பண்ணிடலாமே" என்று கேட்பவர்களுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இனி வெப்பத்துக்கு வருவோம். இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். 370 ஹார்ஸ்பவர் என்பது 276 கிலோவாட். அதைக் கொடுக்க ஆறு சிலிண்டர் டீசல் மணிக்குச் சுமார் 70 லிட்டர் குடிக்கும். அந்த 70 லிட்டருக்குள் கிட்டத்தட்ட 700 கிலோவாட் இருக்கிறது. ஷாஃப்டுக்குப் போனது போக மீதி நானூற்றுச் சொச்சம் கிலோவாட்டும் வெறும் சூடு. லாரியில் அதை ஏற்றுக்கொள்ள முன்னால் ரேடியேட்டர், இன்டர்கூலர், அதன்மேல் அடிக்கும் எதிர்க்காற்று, கீழே திறந்த ரோடு. படகில் இன்ஜின் ஒரு மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூடு வெளியேற ஒரே வழி, சுற்றியிருக்கும் தண்ணீர்.

அதனால் ரேடியேட்டர் இருந்த இடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரும். இன்ஜினுக்குள் கூலன்ட் தன்பாட்டுக்குச் சுற்றும். எக்ஸ்சேஞ்சரின் குழாய்க்குள் கடல்நீர் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கடல்நீரை நேராக இன்ஜினுக்குள் விட்ட காலமும் உண்டு. வார்ப்பிரும்பு துருப்பிடித்து, உப்பு படிந்து பாதை அடைத்துக்கொள்ளும். டீசலில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். கடல்நீரின் பாதை எங்கள் பட்டறையில் இப்படிப் போகும்: படகின் அடியில் உள்வாய், வால்வு, வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் பம்பு, பிறகு ஆஃப்டர்கூலர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியில் புகைக்குழாய்க்குள் கொட்டி வெளியே. குளிர்ந்த தண்ணீர் முதலில் ஆஃப்டர்கூலருக்குப் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். கூலன்ட் 80 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். காற்றுக்கு அப்படி இல்லை.

உள்வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. வேகப்படகு அலைமேல் தாவும். தாவும்போது அடிப்பாகத்தில் பாதி காற்றில் இருக்கும். உள்வாயை அணியத்துப் பக்கம், அதாவது படகின் மூக்குப் பக்கம், வைத்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும். ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீரே எண்ணெய். வறண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்தில் இறக்கைகள் பிய்ந்து, அந்தத் துண்டுகள் போய் ஆஃப்டர்கூலரின் வாயை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால், எப்போதும் தண்ணீரில் தோய்ந்திருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். இம்பெல்லர் மாற்றும்போது பழையதில் இறக்கை குறைந்திருந்தால் காணாமல்போன துண்டைத் தேடிப்பிடிக்கும்வரை கவரை மூடக்கூடாது.

ஆஃப்டர்கூலரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த செத்த இன்ஜின்களில் நிறைய, இதனால்தான் செத்தன. டர்போ காற்றை மூன்று மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் 30 டிகிரியில் உள்ளே போன காற்று சுமார் 190 டிகிரியில் வெளியே வரும். அதைக் கடல்நீரால் 50 டிகிரிக்கு இறக்கினால் அதே கொள்ளளவுக்குள் நாற்பது சதவீதம் அதிகக் காற்று அடங்கும். கூடுதல் டீசல் புகையில்லாமல் எரிவதற்கும், பிஸ்டன் தலை கருகாமல் இருப்பதற்கும் காரணம் இந்தக் கூலர்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கடல்நீர், ஒரு மெல்லிய சுவர், மறுபக்கம் நேராக சிலிண்டருக்குப் போகும் காற்று. கூலரின் உள்ளே இருப்பது செம்பு-நிக்கல் குழாய்கள், வெளிக்கூடு அலுமினியம். உப்புநீர் நடுவில் புகுந்தால் அலுமினியம் கரையும்.

போன மழைக்காலத்தில் ஒரு கூலரைப் பிரித்தோம். உள் பாகம் வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் நகர்த்தினோம். வெளியே வந்தபோது ஓ-ரிங் உட்காரும் பள்ளம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாக மாவு. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. அதற்கடியில் அலுமினியம் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. ஓ-ரிங் பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் அரித்திருந்தால் கடல்நீர் காற்றுப் பாதைக்குள் போயிருக்கும். ஆறாவது சிலிண்டரில் நீர் நின்ற நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்தியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். புது ஓ-ரிங், பள்ளம் முழுக்க நீர்ப்புகா கிரீஸ், மூடிய பிறகு காற்றடித்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தல், இவ்வளவுதான் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துவிடுங்கள். கூலரைப் பொருத்தும்போதே அதன் காற்றுப் பக்கத்து அடியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும்படி பார்த்துக்கொண்டால், கசிவு இன்ஜினுக்குத் தெரிவதற்கு முன்பு உங்களுக்குத் தெரியும். கடல்நீர்ப் பாதையில் செருகியிருக்கும் துத்தநாகக் குச்சிகளை மாற்றுவதையும் மறக்காதீர்கள். மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே இருப்பது அது. பாதியாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

புகைப்பக்கம். சிலிண்டர்களின் புகையெல்லாம் வந்து சேரும் குழாய், அதாவது மேனிஃபோல்டு, லாரியில் முழுச் சுமையில் சிவந்துபோகும். ரோட்டில் யாருக்கும் கவலையில்லை. ஃபைபர் படகின் மூடிய பெட்டிக்குள் அதை அப்படியே வைப்பது வீட்டுக்குள் அடுப்பை எரியவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவதுதான். பெரிய கப்பல்களில்கூட 220 டிகிரிக்கு மேல் போகும் எந்தப் பரப்பையும் மூடி வைக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதனால் நீர்க்கூடு கொண்ட மேனிஃபோல்டு, டர்போவின் டர்பைன் பக்கத்துக்கும் நீர்க்கூடு அல்லது நல்ல தடிமனான போர்வை. டர்போ தாண்டியதும் குழாய் மேலே ஏறி, உச்சியைக் கடந்து இறங்கும் இடத்தில்தான் கடல்நீர் புகைக்குள் கொட்ட வேண்டும். அந்த உச்சி, தண்ணீர் மட்டத்திலிருந்து ஓரடியாவது மேலே நிற்கட்டும். படகைத் திடீரென்று நிறுத்தும்போது பின்னால் துரத்தி வரும் அலை புகைக்குழாய்க்குள் ஏறும். உச்சி தாழ்ந்திருந்தால் அது நேராக டர்போவுக்குள் போகும். வெல்டர் தம்பியிடம் ஒவ்வொரு தடவையும் இதைப் பற்றிச் சண்டை. "அண்ணே, மூடி தட்டுது, ரெண்டு இஞ்ச் குறைச்சுக்கலாம்" என்பான். "மூடியில ஒரு மேடு கட்டு தம்பி, குழாயில கைவைக்காதே" என்பேன்.

டீசல்காரர்கள் பலரும் கோட்டைவிடுவது முறுக்குவிசையில். 370 ஹார்ஸ்பவர் பெட்ரோல் இன்ஜின் அதை 5,000 ஆர்பிஎம்மில் கொடுக்கும், முறுக்குவிசை சுமார் 530 நியூட்டன்-மீட்டர். டீசல் அதே 370-ஐ 3,000-இல் கொடுக்கும், முறுக்குவிசை 880 நியூட்டன்-மீட்டர். ஹார்ஸ்பவர் சமம்தானே என்று பெட்ரோலுக்குச் செய்த டிரைவை (சுழற்சியைப் புரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர் அமைப்பு) டீசலுக்குப் பின்னால் மாட்டினால், கியர் பல்லுக்கு ஹார்ஸ்பவர் தெரியாது, முறுக்குதான் தெரியும். சீக்கிரமே பல் உடைந்து ஆயிலில் மினுமினுப்பாக மிதக்கும்.

விகிதமும் இடிக்கும். பெட்ரோல் டிரைவில் 1.5-க்கு 1 என்று குறைப்பு இருந்தால் 5,000 போய் புரொப்பெல்லரில் 3,300-க்கு மேல் கிடைக்கும். டீசலின் 3,000 அதில் 2,000 ஆகிவிடும். அப்புறம் ஐம்பது நாட் (மணிக்கு ஐம்பது கடல் மைல்) வேகத்துக்கு 36 அங்குல பிட்ச் தேடி அலைய வேண்டும். பிட்ச் என்பது வழுக்காமல் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம். ஒன்றுக்கு ஒன்று என்று நேராகப் போனால் 24 அங்குலமே போதும்: 3,000 ஆர்பிஎம், 12 சதவீதம் வழுக்கல் போக, 52 நாட் வரும். அதனால் வேகம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு ஒன்று மெரைன் கியர், அதற்குப் பின்னால் நேர் ஷாஃப்ட் அல்லது சர்ஃபேஸ் டிரைவ். சர்ஃபேஸ் டிரைவில் புரொப்பெல்லர் பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாகச் சுற்றும். தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கும் ஷாஃப்டும் பிராக்கெட்டும் இல்லாததால் டீசலின் எடைக்கு அது நஷ்டஈடு மாதிரி. இதைப் பரவலாக்கியவர்களில் ஹோவர்ட் ஆர்னசன் முக்கியமானவர். நீச்சல்குளம் சுத்தம் செய்யும் தானியங்கிக் கருவியைக் கண்டுபிடித்ததும் இதே மனிதர்தான்.

இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில், சுழற்சியின் அதிர்வை ஸ்பிரிங்குகளால் வாங்கிக்கொள்ளும் டாம்பர் பிளேட் இல்லாமல் ஓட்டவே கூடாது. பிக்கப்பில் இருக்கும் பெல் ஹவுசிங் அந்த வண்டிக்கே உரிய அளவில் இருக்கும். மெரைன் கியர்கள் எஸ்ஏஈ என்ற பொதுத்தர அளவில் வரும். இந்த இன்ஜினுக்கு எஸ்ஏஈ 3 ஹவுசிங்கும் அதற்கேற்ற ஃப்ளைவீலும் தொழிற்சாலை ஜெனரேட்டர்களிலிருந்து சுலபமாகக் கிடைக்கும். அடாப்டர் கடைந்து நேரத்தை வீணாக்குவதைவிட அதைத் தேடிப்பிடிப்பது மேல்.

சம்பையும் மவுண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஷாஃப்டுக்காக இன்ஜின் ஏற்கெனவே பின்பக்கம் சாய்ந்திருக்கும். படகு பிளேனிங்குக்கு ஏறும்போது அணியம் தூக்கும், சாய்வு இன்னும் கூடும். ஆயிலெல்லாம் சம்பின் பின்னால் போய்விடும். உறிஞ்சுகுழாய் முன்னால் இருந்தால் அந்த நேரத்தில், அதாவது சுமை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பேரிங்குக்குக் காற்றுதான் போகும். சம்பின் பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள், உள்ளே தடுப்புகள் வையுங்கள். அப்புறம் அலையில் விழும் அடி. இன்ஜினும் கியரும் சேர்ந்து 600 கிலோ என்று வையுங்கள். நான்கு ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு விசையில், விழுந்தால் அந்த ஒரு கணம் மவுண்டுக்கு அது 2,400 கிலோ. லாரியின் ரப்பர் மவுண்டு அதைத் தாங்காது. ஆல்டர்னேட்டர் பிராக்கெட், ஆயில் ஃபில்டர் தலை, டீசல் பைப்பு எல்லாமே அந்த அடியை வாங்கும். உலோகக் குழாய் எங்கெல்லாம் தொங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு கிளாம்பு.

வி-டிரைவ் (சுழற்சி 'வி' எழுத்து மாதிரி மடங்கிப் பின்னால் போகும் கியர்) வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. அதில் இன்ஜின் திரும்பி உட்காரும், ஃப்ளைவீல் அணியத்தைப் பார்க்கும். படகு மூக்கைத் தூக்கும்போது ஹெட்டின் பின்முனை, அதாவது ஆறாவது சிலிண்டர் பக்கம், உயரமாகிவிடும். தெர்மோஸ்டாட்டும் காற்று வெளியேறும் வழியும் மறுமுனையில் இருக்கின்றன. ஹெட்டின் பின்னால் காற்றுக் குமிழி தங்கி, மீட்டரில் 82 டிகிரி காட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெட்டில் விரிசல் விழும். பின்முனையிலிருந்து கூலன்ட் டாங்கின் உச்சிக்கு ஒரு சன்னமான குழாய் போட்டுவிட்டால் போதும்.

எலக்ட்ரானிக் இன்ஜின்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஹார்ஸ்பவர் கூடுதல், புகை குறைவு, உண்மைதான். ஆனால் லாரியின் கணினி, தன்னைச் சுற்றி ஒரு லாரி இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பிரேக் பெடல் எங்கே, சக்கர வேகம் எங்கே, புகை ஃபில்டரின் அழுத்தம் எங்கே என்று தேடும். கிடைக்காவிட்டால் இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சக்தியைக் குறைத்துவிடும். ரோட்டோரம் ஒதுங்கி நிற்கும் வண்டிக்கு அது நல்லது. பெரிய அலைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் படகுக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. அந்த இன்ஜினின் மெரைன் கணினியும் ஒயரிங்கும் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் பம்பே போதும்.

எல்லாம் முடிந்து தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தலைப்பில் முதலில் சொன்ன புரொப்பெல்லருக்கு வருகிறேன். உண்மையில் அதை வரைபடத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும்; ஆனால் அது சரியா தப்பா என்று தண்ணீர்தான் சொல்லும். டீசலைக் கொல்லும் மிகச் சுலபமான வழி, பெரிய புரொப்பெல்லர். இன்ஜினுக்கு 3,000 போக உரிமை இருக்கிறது, ஆனால் புரொப்பெல்லர் 2,750-க்கு மேல் விடமாட்டேன் என்கிறது. இன்ஜினின் வேகத்தைப் பார்த்து டீசலைக் கூட்டிக் குறைக்கும் கவர்னர் என்ன செய்யும்? இன்னும் 250 வேண்டுமே என்று டீசலை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டே இருக்கும். டர்போ அந்த ஆர்பிஎம்மில் அதற்கேற்ற காற்றைக் கொடுக்காது. கறும்புகை, பின்பலகை முழுக்கக் கரி, உள்ளே பிஸ்டன் தலை வேகும்.

இதற்கு ஓர் உதாரணம். படகு என்னுடைய மாப்பிள்ளை ஒருத்தனுடையது. சோதனை ஓட்டத்தில் 2,800-இல் நின்றுவிட்டது. அவனுக்கு அதிலேயே மகிழ்ச்சி.

"மாப்ள, நல்லாத்தானே போகுது. இன்னும் ரெண்டு இஞ்ச் பிட்ச் ஏத்துனா ஸ்பீடு கூடும்ல?"

"கூடாது மாப்ள. இப்பவே மூச்சு முட்டுது அதுக்கு. அந்த மீட்டரைப் பாரு."

டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் ஒரு வெப்பமானி வைப்பது என் வழக்கம். ஒரு துளை போட்டு, அரையங்குலக் குச்சி உள்ளே நீட்டினால் போதும். ஹார்ஸ்பவர் கணக்கெல்லாம் பேச்சு, இந்த முள் மட்டும்தான் சாட்சி. தொடர்ந்து ஓட்டும்போது அது 650 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கோடு. சுத்தமான அலுமினியம் 660-இல் உருகும் என்பது ஞாபகம் இருக்கட்டும். பிஸ்டன் பிழைத்திருப்பது அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக்கொண்டே இருப்பதால்தான். அன்றைக்கு முள் 700-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. திராட்டிலை இறக்கச் சொன்னேன். இரண்டு நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், அப்புறம் இறக்கினான்.

இந்த அளவு வேகத்தில் பிட்சில் ஓரங்குலம் குறைத்தால் சுமார் 100 ஆர்பிஎம் ஏறும். 24-ஐ 22-ஆக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். மறுபடி இறக்கியபோது டாங்க் நிறைய டீசல், நாலு பேர், குளிர்பெட்டி எல்லாம் ஏற்றித்தான் ஓட்டினோம். காலிப் படகில் எடுத்த ஆர்பிஎம்மை நம்பினால் நிறைந்த படகில் மறுபடி பழைய கதைதான். 3,050 வந்தது. அதாவது, முழுச் சுமையிலும் இன்ஜின் தன் எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் போகிறது. நாளைக்கு அடியில் பாசி பிடித்து இழுத்தாலும் இடம் இருக்கிறது. வெப்பமானி முழு திராட்டிலில் 640-இல் நின்றது. 2,700-க்கு இறக்கி வைத்ததும் 540-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. உச்ச வேகம் முன்பிருந்ததைவிட ஒரு நாட் கூடவே காட்டியது. மாப்பிள்ளைக்கு அது இன்னும் புரியவில்லை. பிட்சைக் குறைத்தால் எப்படி வேகம் கூடும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கடைசியாக, முதல் ஐம்பது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை. ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்ப்பது. மவுண்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது. டாம்பர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் ஐடிலிங்கில் கலகலக்கின்றனவா என்று காதைக் கொடுத்துக் கேட்பது. கடல்நீர் வடிகட்டியைக் கழுவும்போது அதில் ரப்பர் துணுக்கு இருக்காது, ஏனென்றால் அது பம்புக்கு முன்னால் இருக்கிறது. ரப்பரைத் தேட வேண்டிய இடம் ஆஃப்டர்கூலரின் வாய். மாப்பிள்ளையின் படகு அடுத்த வாரம் அதற்காகத்தான் மேலே ஏறுகிறது.